அப்பா சொன்ன முறை

என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கப் போய்த்தான் எங்கள் வீடு இரண்டாகியது. பல்லைப் பிடுங்கியது மன்னார் ஆசுபத்திரி டொக்டர். வீட்டைப் பிடுங்கியது நான்தான் என்று ஊரில் சிலர் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அப்போது எட்டு வயது. வாயில் ஓட்டை விழுந்த பிள்ளையிடம் ரகசியத்தைக் கொடுத்தவர்தான் யோசித்திருக்க வேண்டும்.

சண்டை முடிந்து, முகாமில் இருந்து எங்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, வங்காலைக்குத் தெற்கே எங்கள் காணியில் இறக்கிவிட்டு இரண்டு மழைக்காலம் போயிருக்கும். காணி இருந்தது, வீடு இல்லை. தகரக் கொட்டிலில் இருந்தோம். அப்பாவின் வள்ளமும் வலையும் போன இடம் தெரியாது. அதனால் அவர் மன்னார்த் தீவுப் பக்கம் போய், வேறு ஆட்களின் வள்ளத்தில் தொழில் செய்தார். சனிக்கிழமை வருவார், ஞாயிறு பூசை முடியப் போய்விடுவார். வீட்டுத்திட்டம் எங்கள் ஊருக்கு வந்து சேருமுன்னரே அப்பாவுக்கு இரண்டு வீடு அமைந்துவிட்டது என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்வார்கள். அது பிழை. படிப்பு ஏறத் தொடங்கும்போதெல்லாம் நாங்கள் இடம்பெயர்ந்துவிடுவோம். கொஞ்சக் காலம் அது என்னைத் தேடித் திரிந்தது. பிறகு களைத்துப்போய் வேறு பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டது.

அம்மாவுக்கு ஒரேயொரு தங்கை. கடைசிச் சண்டைக் காலத்தில், பங்கருக்குள் எங்களோடு ஒளிந்திருந்தவளைச் சண்டைக்கு ஆள் சேர்க்க வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. எனக்கு முகம் ஞாபகம் இல்லை. சின்னம்மா என்ற முறை மட்டும் தெரியும். ஒவ்வொரு நாளும் செபமாலை முடிய, காணாமல் போனதைத் தேடித் தருகிற அந்தோனியாருக்குச் சின்னம்மாவுக்காகத் தனியாக ஒரு செபம் சொல்வோம். நான் அதோடு என் ஒற்றைச் செருப்பையும் மெல்லச் சேர்த்துவிடுவேன். தேடுகிறவர் இரண்டையும் சேர்த்துத் தேடட்டுமே என்ற எண்ணம்தான்.

பல்லுக்கு வருகிறேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால், ஞாயிறு தொழிலுக்குப் போகாமல் நின்ற அப்பாதான் திங்கட்கிழமை என்னை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனார். டொக்டர் பல்லைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு பந்து பஞ்சை அடைத்து, "இண்டைக்கு முழுக்க வாய் திறந்து கதைக்கக் கூடாது" என்றார். அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்தது. நான் பிறந்த நாளிலிருந்து என் வாய் மூடியிருந்து அவர் கண்டதில்லை. இப்படி ஒரு நாள் இனி வாய்க்காது என்று நினைத்திருப்பார் போல. ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுத் தலைமன்னார் பஸ்ஸில் என்னை ஏற்றினார்.

தாராபுரத்தில் இறங்கி, உடைமரங்களுக்குள்ளால் கடற்கரைப் பக்கம் நடந்தோம். கிடுகு வேலி போட்ட ஒரு சின்ன வளவு. முற்றம் முழுக்கக் கருவாடு காய்ந்தது. உள்ளே இருந்து ஒரு பெண் வந்தா. என் கன்னத்தைப் பார்த்ததும் அப்பாவின் மேல் பாய்ந்தா.

"ஐயோ, பிள்ளைக்குக் கன்னம் வீங்கிப்போச்சு. நீங்கள் என்ன மனுசனப்பா? இந்த வெயிலுக்குள்ள இழுத்துக்கொண்டு வாறியள்!"

மீன் பெட்டியில் இருந்து ஐஸ் உடைத்து, துணியில் சுற்றி, என்னை மடியில் வைத்துக் கன்னத்தில் பிடித்துக்கொண்டிருந்தா. துணியில் சூடை மீன் மணம். ஆனாலும் சுகமாய்த்தான் இருந்தது. எனக்கு ஆச்சரியம் வேறு விசயத்தில். அப்பாவை அப்படிப் பேசுகிற உரிமை உலகத்தில் அம்மாவுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இவ பேசுகிறா, அப்பா சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

வாய் திறக்க முடியாததால், விரலால் அவவைக் காட்டி, புருவத்தைத் தூக்கி, இது ஆர் என்று கேட்டேன். அப்பா கடல் பக்கம் திரும்பினார்.

"அது… உனக்குச் சின்னம்மா முறை" என்றார்.

எங்கள் பக்கத்தில் அம்மாவின் தங்கையும் சின்னம்மாதான், அப்பா இரண்டாவதாகச் சேர்த்துக்கொண்ட பெண்ணும் சின்னம்மாதான். இந்த இரண்டாவது கணக்கு எனக்குத் தெரியாது. முதலாவது நன்றாகத் தெரியும், ஒவ்வொரு நாளும் அதற்காகத்தானே முழங்காலில் நிற்கிறேன். அந்தோனியார் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார் என்று விளங்கியது.

திரும்பி வந்து எங்கள் கொட்டில் வாசலில் அப்பா குனிந்து, "டொக்டர் என்ன சொன்னவர்? கதைக்கக் கூடாது எண்டவர் எல்லோ? அம்மாவோடயும் கதைக்கக் கூடாது" என்றார். நான் தலையாட்டினேன். அவர் அடுத்த பஸ்ஸில் தொழிலுக்குப் போய்விட்டார். ஆனால் டொக்டர் தடுத்தது அந்த ஒரு நாளைக்கு மட்டும். மறுநாள் காலை பஞ்சைத் துப்பிவிட்டு நான் சொன்ன முதல் வசனம், "அம்மா, சின்னம்மா கிடைச்சிட்டா."

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. செதில் ஒட்டிய கையால் என் தோளைப் பிடித்தா.

"ஆரடி?"

"சின்னம்மா. தாராபுரத்துக்கு அங்கால இருக்கிறா. அப்பாதான் கூட்டிக்கொண்டு போனவர்."

"அப்பா சொன்னவரே, சின்னம்மா எண்டு?"

"ஓம். என்னை மடியில வைச்சிருந்தவ."

"மெல்லிய ஆளோ?"

"ஓம்."

"தலைமயிர் நீளமோ?"

"ஓம்."

"சிரிச்சாக் கன்னத்தில குழி விழுமோ?"

அவ சிரித்ததை நான் கவனிக்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"இடப்பக்கமடி."

"ஓம், அந்தப் பக்கம்தான்."

பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கும் சரியாய் விடை சொல்லாத எனக்கு, கேட்டதெல்லாம் சரி வந்தது அன்றைக்குத்தான். அம்மா அழுதுகொண்டே சிரிக்கச் சிரிக்க, விடைகள் இன்னும் நன்றாக வந்தன.

அப்பா ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று அம்மா யோசித்தா. கொஞ்ச நேரத்திலேயே அதற்கும் விடை கண்டுபிடித்துவிட்டா. பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளை என்றாலும், ஆமிக்காரர் வந்து விசாரிப்பார்கள். அதனால்தான் ஒளித்து வைத்திருக்கிறார். சில சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வராததும் அதனால்தான்.

"நான் அந்த மனுசனை எவ்வளவு பேசிப்போட்டன்" என்றா அம்மா. "எவ்வளவு பாரத்தைத் தனியச் சுமந்துகொண்டு திரிஞ்சிருக்கு." அன்றைக்குச் செபமாலையில் அந்தோனியாருக்கு அடுத்ததாக அப்பாவுக்கும் ஒரு செபம் கிடைத்தது. அப்பாவை அம்மா அதற்கு முன்னரும் பின்னரும் அவ்வளவு விரும்பியதில்லை.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாத" என்று அம்மாவும் சொன்னா. குடும்பத்தில் ஆளுக்கு ஆள் என் வாயைத்தான் அடைத்தார்கள்.

அடுத்த நாள் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. அம்மா பயத்தம் பணியாரம் சுட்டா. சின்னம்மாவுக்கு அதுதான் விருப்பமாம். எல்லா இடப்பெயர்விலும் கைவிடாமல் கொண்டு திரிந்த சின்னம்மாவின் சட்டைகளை ஒரு பையில் போட்டா. நல்ல சேலையை உடுத்திக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினா. தீவுக்குப் போகிற பாலத்தில் போகும்போது, "கண்ட உடன அழக்கூடாது. ஆக்கள் பாப்பினம்" என்றா. எனக்குச் சொன்னா என்று நினைத்தேன். மன்னார் ரவுனில் பஸ்ஸுக்கு முன்னால் கழுதைகள் படுத்துக்கிடந்து எழும்ப மாட்டோம் என்றன. டிரைவரைவிட அம்மாதான் அதுகளை அதிகம் ஏசினா.

தாராபுரத்தில் வழிகாட்டி நான். வேலியடிக்கு வந்ததும் அம்மா நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்தா. முற்றத்தில் அந்தப் பெண், தலையில் துவாய் கட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தா. நான் "சின்னம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவ திரும்பினா. என்னைக் கண்டு சிரித்தா. குழி விழவில்லை. எந்தப் பக்கமும் விழவில்லை.

அம்மா அந்த முகத்தைப் பார்த்தா. பிறகு கொடியில் காய்ந்த சாரத்தைப் பார்த்தா. அப்பாவின் சாரம், கிழிந்த இடத்தை அம்மாதான் தைத்தவ. திரும்பவும் முகத்தைப் பார்த்தா. அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. ஆர் வந்திருக்கிறது என்று விளங்கிவிட்டது போல. கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு சொன்னா:

"வாங்கோ அக்கா."

இத்தனை வருசமாய் அம்மா அந்தச் சொல்லைக் கேட்கத்தான் காத்திருந்தா. சொல் வந்தது, வாய் வேறு. அம்மா மணலில் அப்படியே குந்திவிட்டா.

அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்தா. "என்னை ஏசுங்கோ அக்கா. நான் கேக்கிறன்" என்றா.

"என்ர தங்கச்சி எண்டு நினைச்சு வந்தனான்" என்றா அம்மா.

அவவுக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தா, பையைப் பார்த்தா. பிறகு தானும் மணலில் குந்தினா.

"என்ர மனுசனையும் கடைசிச் சண்டையிலதான் காணேல்ல" என்றா. "ஆரோ கண்டதெண்டு சொல்ல, நானும் ஒருக்கா இப்பிடித்தான் ஓடினனான். வவுனியா வரைக்கும் போனனான்."

"கிடைச்சவரே?"

"இல்லை அக்கா. அது வேற ஆள்."

காகம் ஒன்று வந்து கருவாட்டைக் கொத்த, அம்மாதான் கையை வீசிக் கலைத்தா. பிறகு பணியாரப் பார்சலை எடுத்து அவவிடம் நீட்டினா.

"சுட்டது சுட்டாச்சு. திருப்பிக் கொண்டுபோய் என்ன செய்யிறது. சாப்பிடும்" என்றா. எழும்பும்போது, "சனிக்கிழமை அவரை வீட்டை வரச் சொல்லும்" என்றா.

சனிக்கிழமை அப்பா வந்தார். அம்மா சோறு போட்டா. அவர் சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும் பொறுத்திருந்தா. அப்பாவும் கையை நெடுநேரம் கழுவினார்.

"அவளை ஏன் சின்னம்மா எண்டு சொன்னனீங்கள்?" என்று அம்மா கேட்டா.

வேறு கேள்வி வரும் என்று அப்பா ஆயத்தமாகி வந்திருந்தார் போல. தடுமாறினார். "பிள்ளை கேட்டுது… முறைக்கு அதுதானே…"

"உலகத்தில வேற முறையே இல்லையோ? மாமி எண்டு சொல்லியிருக்கலாம். அக்கா எண்டு சொல்லியிருக்கலாம். நீங்கள் செய்ததை நான் பொறுப்பன், பொறுக்காமல் விடுவன், அது வேற கதை. என்ர தங்கச்சியை ரெண்டு நாள் உயிரோட தந்திட்டு, திரும்பவும் சாகக் குடுத்திட்டீங்கள்."

அதுவரை அம்மா சின்னம்மாவைப் பற்றிச் சாவு என்ற சொல்லைச் சொன்னதேயில்லை. அம்மா அவருடைய உடுப்புகளை மடித்து ஒரு பையில் வைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தா.

அப்பா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வருகிற றோட்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் எனக்குத் தெளிவாக விளங்கியிருந்தது. ஒரு சொல் பிழைத்துவிட்டது. பிழைத்தால் திருத்திச் சொல்ல வேண்டியதுதானே.

"அப்பா, நில்லுங்கோ! நான் இனி அவவை மாமி எண்டே கூப்பிடுறன். அம்மா சொன்னவ, மாமி எண்டாச் சரியாம்!"

அப்பா நின்றார். என் தலையில் கை வைத்தார். கொட்டில் பக்கம் பார்த்தார். பஸ் வந்தது, ஏறினார். எனக்குச் சரியான கோபம். படிப்பில்லாதவள், சொன்னதை மறந்துவிடுவாள் என்றுதான் என்னை நம்பாமல் போகிறார் என்று நினைத்தேன்.

அதனால் அடுத்த சனிக்கிழமைக்குள் பாடமாக்கிவிட வேண்டும் என்று முற்றத்தில் நின்று தொடங்கினேன். "மாமி. தாராபுரத்து மாமி. மாமி வாங்கோ. மாமி இருங்கோ." பொழுதுபடும் வரைக்கும் சொன்னேன். அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தா. நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பிழையும் விடாமல் சொல்கிறேன், அதனால்தான் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னேன்.