கல்யாண உறைகளில் ஒரு கழகம்

இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். எங்கள் தம்பி எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவர் என்னிலும் எட்டு வயது இளையவர். உயிரோடிருந்தவரை ஒருமையிலேயே அவரை அழைத்தேன். மறைந்தவரைப் பன்மையில் எழுதுவது முறையென்பதால் இங்கு மாற்றிக்கொள்கிறேன்.

தம்பி கண்டி நகரிலே பிறந்தவர். எங்கள் தந்தையார் நகரின் பழைமையான உதைபந்தாட்டக் கழகமொன்றில் உத்தியோகம் பார்த்தவர். தம்பிக்கு ஆறு வயதாகும்போது தாயார் காலமானார். நான் கல்லூரியில் கற்று, பின்னர் ஆசிரியனாகி, பாடசாலை உப அதிபராக ஓய்வு பெற்றேன். எங்கள் தங்கை மாத்தளையில் வாழ்க்கைப்பட்டார். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. அச்சகமொன்றில் எழுத்துக் கோப்பவராகச் சேர்ந்து, கணினி வந்தபோது அதையும் கற்று, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். மணம் செய்யவில்லை. அம்பிட்டியவில் என் வீட்டின் பின்னறையே அவருடைய இல்லமாக இருந்தது.

அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு பெரிய அலுமாரி. அலுமாரியில் உடுப்பு இருந்ததில்லை. அந்தக் கழகம் இருந்தது. துரைமார் காலத்தில் தொடங்கிய அக்கழகத்தின் வீரர் அட்டைகள், அங்கத்தவர் அட்டைகள், போட்டி நுழைவுச்சீட்டுகள், சட்டையிலிருந்து பிரித்தெடுத்த துணிச் சின்னங்கள், மூலை மடிந்த குழுப் படங்கள் ஆகியவற்றை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்தார். இருபத்திரண்டு பேர் ஒரு தோற்பையை உதைத்து ஓடுவதையே நான் மதித்ததில்லை. அப்படி ஓடியவர்களின் முகங்களை அட்டையில் சேர்த்து வைப்பதை எவ்வாறு மதிப்பேன்? இதை அவரிடம் பலமுறை கூறியுள்ளேன். அவர் சிரித்துவிட்டு அறைக்குப் போய்விடுவார்.

கழகத்தின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. தன் வரலாற்றைத் தானே குப்பையில் கொட்டிய ஒரு கூட்டத்துக்கு எங்கள் வீட்டு மலரில் விளம்பரம் வேண்டியதில்லை.

தம்பியின் வேலைமுறையைக் கூற வேண்டும். அச்சகத்தில் பெயர் பிழையாக அச்சாகி ஒதுக்கப்பட்ட கல்யாண அழைப்பிதழ் உறைகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வருவார். ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் உறை. உறையின் பின்புறத்தில், தந்தவர் பெயரும் தந்த விதமும் எழுதுவார். மனமுவந்து கொடுத்தால் "விருப்பத்துடன் தந்தது". எறியப்போனதைக் கேட்டு வாங்கினால் "வேண்டாமென்று தந்தது". கீழே கொடுத்தவரின் கையெழுத்து. கையெழுத்தில்லாத ஒரு சீட்டைக்கூட அவர் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை.

தங்கையின் கணவர், என் மைத்துனர், வீட்டுக்கு வந்தால் இதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்.

"வீடு பூரா கல்யாணக் கடுதாசி, மாப்பிள்ளையத்தான் காணோம். என்னா மச்சான், பந்துக்கா கல்யாணம்?"

"ஆமா மச்சான். நீங்கதான் மாப்பிள்ளைத் தோழன். ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பார் தம்பி.

எல்லோரும் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களில் ஒருவர்கூட அலுமாரியைத் திறந்து பார்த்ததில்லை. கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்த வியாபாரிகள் மட்டும் பார்த்தார்கள். கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள், உதட்டைச் சுழித்தார்கள், பிறகு விலை பேசினார்கள். அவர்களுக்குத் தம்பி தேநீர் கொடுத்து அனுப்பினார். நானாக இருந்தால் தேநீரும் கொடுத்திருக்க மாட்டேன்.

அவரிடம் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. பழைய ஆட்டக்காரர் ஒருவர் இறந்தால், பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அந்த வீட்டில் அட்டைப் பேச்சை எடுக்க மாட்டார். "கருமாதி முடியிற வரைக்கும் பொருள் அவங்களோடதுண்ணே. நம்ம கை வைக்கக் கூடாது" என்பார்.

இதய நோயால் அவர் பெரியாஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில், அலுமாரிச் சாவியை என் கையில் வைத்தார்.

"அண்ணே, அந்த உறை மேல் தட்டுல அடியில இருக்கு. எடுத்துருங்க. யார் கண்ணுலயும் பட வேணாம்."

எந்த உறை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அவர் மறைந்த பின் சாவி என் சட்டைப்பையிலேயே இருந்தது. அவருடைய கட்டுப்பாட்டை அவர் விஷயத்தில் நானே மீறக் கூடாதென்று, கருமாதி முடியட்டும் எனக் காத்திருந்தேன்.

கழகத்தார் காத்திருக்கவில்லை. கருமாதிக்கு முதல்நாள், வீடு நிறைய உறவினரும் என் பழைய மாணவர் சிலரும் கூடியிருந்த வேளையில், செயலாளரும் பொருளாளரும் வந்து சேர்ந்தார்கள். துக்கம் விசாரிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரத்திலும் குறைவு. பிறகு ஒரு கடிதத்தை நீட்டினார்கள். பழைய பொருட்களைக் காட்சிக்கு வைக்கக் கழகம் நூதனசாலை ஒன்று அமைக்கிறதாம். அதற்காக, தம்பி கழகத்து அலுமாரியிலிருந்து "எடுத்துச் சென்ற" பொருட்களைத் திருப்பித் தர வேண்டுமாம்.

"எடுத்துச் சென்ற என்றால்?" என்று கேட்டேன்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. கேட்டு எடுத்தாரா, கேக்காம எடுத்தாரான்னு எங்களுக்குத் தெரியாது. எங்க அலுமாரி காலி. அவர் அலுமாரி நிறைஞ்சிருக்கு. நீங்களே கணக்குப் பாருங்க."

மைத்துனர் என் காதருகே வந்தார். "குடுத்துத் தொலைங்க மச்சான். பழங்கடுதாசிதானே. சாவு வீட்டுல எதுக்குச் சண்டை?"

கொடுத்திருந்தால் அந்த உறையை எடுத்து ஒளித்துக்கொண்டு மற்றவற்றை ஒப்படைத்திருக்கலாம். என் மானம் தப்பியிருக்கும். தம்பியோ திருடனாகச் சுடுகாடு போனவர் ஆகியிருப்பார். சாவியை எடுத்தேன். எல்லோர் முன்னிலையிலும் அலுமாரியைத் திறந்தேன். "ஒவ்வோர் உறையாகப் பாருங்கள். கையெழுத்தில்லாத ஒன்று இருந்தால் முழுவதையும் கொண்டு போகலாம்" என்றேன்.

செயலாளர் பார்க்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் ஓர் உறையோடு நின்றுவிட்டார். என் பழைய மாணவர் ஒருவர் எட்டிப் பார்த்து உரக்க வாசித்தார்: "கழகக் கட்டடத்துக்கு வர்ணம் பூசிய அன்று குப்பை மேட்டில். வேண்டாமென்று தந்தது." கீழே இருந்தது செயலாளரின் கையெழுத்து. அதேபோல் ஒரு கட்டு முழுவதும் இருந்தது.

"அன்னைக்கி பூரா கரையானுங்க சேர்..." என்றார் அவர்.

"கரையானா வந்து கையெழுத்துப் போட்டுச்சு?" என்றார் ஒரு மூலையிலிருந்து தங்கை.

செயலாளர் அத்தோடு போயிருக்கலாம். தோற்றவனுக்கும் ஒரு கௌரவம் உண்டு. அதுவும் அவரிடம் இல்லை. மேல் தட்டைத் துழாவி, அடியிலிருந்த உறையை இழுத்தார். உள்ளேயிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினார். காக்கிச் சட்டை அணிந்த ஒருவரின் படம். படத்தின் கீழ் "மைதானப் பணியாள்" என்ற சொற்கள்.

"இது வேலையாள் அட்டை. வேலைய விட்டுப் போனா திருப்பிக் குடுக்கணும். வெளிய போகவே ஏலாது. இது எப்படி இங்க வந்துச்சு? இதுக்கு என்னா சொல்றீங்க?"

வீடு முழுவதும் என்னைப் பார்த்தது.

"அவர் வேலையை விட்டுப் போகவில்லை. வேலையிலிருக்கும்போதே இறந்தார். அது எங்கள் அப்பாவின் அட்டை" என்றேன்.

மைத்துனர் திகைத்துப்போனார். "மாமா ஆபீஸ்லதானே இருந்தாரு?"

"சுண்ணாம்பு வாளியோட கோடு போடப் போவாரு. நான் பின்னாலேயே ஓடியிருக்கேன்" என்றார் தங்கை. "அண்ணன் சொல்லல்ல. அதனால நானும் சொல்லல்ல."

இக்கட்டுரையின் தொடக்கத்தில் "உத்தியோகம்" என்று எழுதினேன். ஐம்பது ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லியும் எழுதியும் வந்தேன். அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். எவ்வளவு சுலபமாக எழுத வருகிறதென்று வாசிப்போர் காணட்டும். தந்தையார் தேயிலைத் தோட்டத்திலிருந்து நகருக்கு வந்து, மைதானத்துப் புல் வெட்டி, வெள்ளைக் கோடு போட்டு எங்களை வளர்த்தவர். கழகத்தின் எந்தக் குழுப் படத்திலும் அவர் இல்லை. தம்பி எதைத் தேடி அத்தனை வீடுகள் ஏறி இறங்கினார் என்பது எனக்கு அன்று அந்த அறையில் நிற்கும்போதுதான் விளங்கியது.

செயலாளரின் குரல் மாறிவிட்டது. "சேர், இதையே நூதனசாலையில முதலாவதா வைப்போம். பெரிய கண்ணாடிச் சட்டம் போட்டு..."

தந்தையாரை உயிரோடு இருந்தபோது கழகத்து வாசற்படியில் அமரவிடாதவர்களின் வழிவந்தவர்கள், இன்று சட்டத்துக்குள் அமர்த்தப் பார்க்கிறார்கள். வாசலைக் காட்டினேன். தேநீர்க் கோப்பைகளைத் தங்கை அவர்கள் படியிறங்கு முன்பே எடுத்துவிட்டார்.

அலுமாரி அம்பிட்டியவில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பார்க்க விரும்புவோர் வரலாம். விலை பேசுவோர் வர வேண்டாம்.

தம்பியின் இறுதி நாட்களில் கண்ணுறங்காது பணிசெய்த ஆஸ்பத்திரித் தாதியர்க்கும், ஒதுக்கிய உறைகளை நாற்பது ஆண்டுகள் இல்லையென்னாது கொடுத்ததோடு இம்மலரையும் அச்சிட்டுத் தந்த அச்சக முதலாளிக்கும், மஹியாவ மயானம்வரை தோள் கொடுத்த அயலவர்க்கும், உறைகளில் "விருப்பத்துடன்" கையெழுத்திட்ட பழைய ஆட்டக்காரர் குடும்பங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. கழகத்தாருக்கு நன்றி கூற எதுவுமில்லை.

எதிர்ப்பக்கத்தில் தந்தையாரின் அட்டையும் அதன் உறையின் பின்புறமும் அச்சாகியுள்ளன. தந்தையார் இறந்த பின், எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்த வாரத்தில், அவருடைய தகரப் பெட்டியை நான் காலிசெய்தபோது, "எரிச்சிடு" என்று எறிந்த அட்டை அது. தம்பி குனிந்து பொறுக்கினார். யாருக்கும் காட்டாதே என்றேன். காட்டவில்லை. அச்சகத்தில் சேர்ந்த பின் ஓர் உறையை என் முன் வைத்து, "அண்ணே, ஒரு கையெழுத்து" என்றார். "வேண்டாமென்று தந்தது" என அவர் எழுதியிருந்ததை வாசித்துவிட்டே போட்டேன். கையெழுத்து என்னுடையதுதான்.