துவக்குக்கு வைத்த பொட்டு

கனடாவில், அஜக்ஸ் நகரில், எங்கள் வீட்டு பேஸ்மென்டுக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் ஆஸ்பத்திரி. நான் மலிவு விலையில் வாங்கிவந்த சாமான்கள் எல்லாம் அங்கேதான் படுத்திருக்கின்றன. முதல் பனிக்கே மூச்சை விட்ட பனி தள்ளும் மெசின், உளுந்தைக் கண்டதும் புகை கக்கிய மிக்சி, மூன்று சில்லில் நிற்கும் புல்வெட்டி. நான் கஞ்சன் இல்லை. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு சாமான்களில் விலை கூடியதைத் தூக்கிக்கொண்டு போகிறவனைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நான் ஒரு துவக்கு வாங்கப் போகிறேன், அதுவும் கடையில் உள்ள துப்பாக்கிகளிலேயே மலிவானது என்று சொன்னபோது அவள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஆசையை மூட்டியவர் வெயர்ஹவுஸில் என்னோடு வேலை செய்யும் ஓர் அண்ணை. ரெக்ஸ்டேலில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே ஒரு கிளப்புக்குப் போய், மெசின் எறியும் களிமண் தட்டுகளை அவை பறக்கும்போதே சுட்டு உடைப்பார். அவருடைய துவக்கு இத்தாலியில் செய்தது. அதன் விலைக்கு ஓடக்கூடிய நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்குவார். மற்றவர்கள் மூச்சு விட்டாலும் துடைப்பார். நான் பார்த்து வைத்திருந்த துருக்கித் துவக்கின் படத்தைப் போனில் காட்டியபோது, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"தம்பி, உந்தத் துவக்கை வாங்கிறதுக்கு ஒரு விளக்குமாறு வாங்கும். அது கூட்டவாவது உதவும்."

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தத் துருக்கித் துவக்கு நல்ல துவக்கு என்று நிரூபித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்த நாட்டில் துவக்கு வாங்குவது கறிவேப்பிலை வாங்குவதுபோல இல்லை. வகுப்புக்குப் போக வேண்டும், சோதனை எழுத வேண்டும், பிறகு விண்ணப்பம். அந்த விண்ணப்பத்தில் கூட வாழ்கிறவரின் கையெழுத்துக்கென்று ஓர் இடம் இருக்கிறது. சட்டம் இயற்றியவன் கல்யாணம் கட்டினவன்தான். என் மனைவி அந்தத் தாளை ஒரு கிழமையாகச் சாமியறையில் வைத்திருந்தாள்.

"களிமண் தட்டை உடைக்க என்னத்துக்குத் துவக்கு? உங்கடை கையிலை குடுத்தாலே காணும், உடைஞ்சிடும்" என்றாள் முதலில். மூன்றாம் நாள் பகிடி நின்றுவிட்டது. "இஞ்சேருங்கோ, உந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே நாங்கள் ஓடி வந்தனாங்கள்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. யுத்தம் நடந்த ஊரில் இருந்த காலம் முழுக்க நான் துவக்கின் வாய்ப்பக்கம்தான் நின்றிருக்கிறேன். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு முறையும் அந்த வாய் என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரேயொரு முறை பிடிப்பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வெட்கப்படாமல் அதை அவளிடம் சொன்னேன்.

அவள் சாமியறைக்குப் போய் அந்தத் தாளை எடுத்து வந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள், ஒரு நிபந்தனையோடு.

"அரைகுறையா வேலை செய்யிற மிக்சி கையைத்தான் வெட்டும். உது அப்பிடியில்லை. ஒருக்கா எண்டாலும் வெடிக்காமல் விட்டுதோ, இந்த வீட்டிலை இருக்கக்கூடாது. பேஸ்மென்ரிலையும் படுக்க விடமாட்டன். சரியோ?"

"ஓம்" என்றேன். பெட்டி பிரிக்காத புதுச் சாமான்மேல் எனக்கு எப்போதும் நம்பிக்கை அதிகம்.

லைசென்ஸ் வந்து, துவக்கும் வந்து, அதற்கென்று ஓர் இரும்பு அலுமாரியும் வந்து சேர நவராத்திரி ஆகிவிட்டது. ஆயுத பூசை அன்று எங்கள் வீட்டில் பொட்டு வாங்காத பொருள் இருக்காது. கார், லப்டொப், பிள்ளைகளின் கல்குலேட்டர், ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளிகள் உட்பட எல்லாவற்றுக்கும் சந்தனம் உண்டு. துவக்கை மட்டும் விட்டால் அது ஆயுதம் இல்லை என்றாகிவிடுமே. நானே அலுமாரியைத் திறந்து எடுத்து வந்தேன். வகுப்பில் சொல்லித் தந்தபடி, உள்ளே தோட்டா இல்லை என்று எல்லோருக்கும் தெரிய அதைத் திறந்து வைத்துப் படத்துக்கு முன்னால் கிடத்தினேன். மனைவி கற்பூரம் காட்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு மணியடித்தேன். கண்ணைத் திறந்தபோது குழலிலும் பிடியிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அடுத்த நாள் அவற்றை ஈரத்துணியால் பக்குவமாகத் துடைத்து உள்ளே வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கிளப்பில் அண்ணை எனக்கு முதல் இடம் தந்தார். தட்டு பறந்தது. விசையை இழுத்தேன். டிக். வேறு தோட்டா போட்டேன். டிக். மூன்றாவதற்கும் டிக். தட்டுகள் ஒரு கீறலும் படாமல் போய்ப் புல்லில் இறங்கின. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். அண்ணைக்கு அந்த மரியாதை தெரியாது.

"தம்பி, உமக்கு விளக்குமாறு நான் வாங்கித் தாறன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நிபந்தனைதான் காதில் கேட்டது. மழை, அதனால் சுடவில்லை என்று சொன்னேன். "அஜக்ஸிலை நல்ல வெய்யில்" என்றாள். அங்கே மழை, இங்கே வெயில், கனடா பெரிய நாடு என்று சொல்லித் தப்பினேன்.

செவ்வாய்க்கிழமை துவக்குத் திருத்தும் ஒரு கிழவரிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்து, சின்ன லைட் அடித்துப் பார்த்து, மெல்லிய ஊசி ஒன்றால் சுரண்டினார். மஞ்சளாக ஏதோ காய்ந்து உதிர்ந்தது. மணந்து பார்த்தார். நல்ல வாசமாக இருக்கிறதே, என்ன இது என்று கேட்டார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. திறந்து கிடந்த துவக்கின் உள்ளே, தோட்டாவின் பின்பக்கத்தில் போய் முட்டும் வட்டமான இரும்பு முகம் தெரியும். அதன் நட்டநடுவில் ஒரு சின்னத் துளை. அதற்குள்ளிருந்துதான் ஊசி வந்து தோட்டாவைக் குத்த வேண்டும். வட்டமான முகம், நடுவில் ஒரு துளி இடம். பொட்டு வைத்துப் பழகிய என் மனைவியின் விரல் அங்கே போகாமல் வேறு எங்கே போகும்? குழைத்த சந்தனம் துளைக்குள் இறங்கிச் சீமெந்தாக இறுகியிருந்தது.

அது ஓர் ஆசீர்வாதம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கிழவர் தலையாட்டினார். சேறு, இறகு, ஒருமுறை ஜாம்கூட எடுத்திருக்கிறாராம், இது புதிது என்றார். துவக்கில் ஒரு பிழையும் இல்லை, இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது என்றும் சொன்னார். பில்லில் செய்த வேலை என்ற இடத்தில், 'ஆசீர்வாதம் அகற்றப்பட்டது' என்று எழுதித் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை கொண்டுபோன தோட்டா அத்தனையும் வெடித்தன. ஆறு தட்டு உடைந்தது. பிடிப்பக்கம் நின்று பார்த்துவிட்டேன். தோள் வலித்தது, சந்தோசமாகவும் இருந்தது. அண்ணை என் துவக்கைக் கேட்டு வாங்கிச் சுட்டார், இன்னொரு தரம் கேட்டார், பிறகு விளக்குமாறு பற்றிய பேச்சே இல்லை. வீட்டில் எப்படிச் சொல்வது என்று காரிலேயே வசனம் எழுதிக்கொண்டு வந்தேன்.

அவள் அடுப்படியில் நின்றாள். முதலில் வழக்கு, பிறகு தீர்ப்பு என்று, "ஆயுத பூசையண்டு துவக்குக்கு என்னெண்டு கும்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

"ஏன், என்ன?"

"சும்மா கேக்கிறன்."

அவள் அடுப்பைக் குறைத்தாள். "எல்லாத்துக்கும் நல்லா வேலை செய்யோணும் எண்டு கும்பிட்டனான். உதுக்கு மட்டும், பிள்ளையாரே, உது ஒருநாளும் வெடிக்கக்கூடாது எண்டு கும்பிட்டனான். உங்களுக்கு அது ஆசை எண்டு தெரியும். எனக்கு அலுமாரிக்குள்ளை அது கிடக்குது எண்டு நினைச்சாலே நித்திரை வருகுதில்லையப்பா." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வெடிச்சதோ?"

சட்டைப் பையில் பில் இருந்தது. கையை அதில் வைத்தேன். எனக்கு அந்தத் துவக்கை நினைக்கப் பாவமாக இருந்தது, என்னை நினைக்கவும்தான்.

"இல்லையப்பா. வெடிக்கேல்லை. டிக் எண்டுது, அவ்வளவுதான்."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அவளுக்கு வாங்கிக்கொடுத்த எந்தச் சாமானும் கொண்டுவந்ததில்லை. நேரே சாமியறைக்குப் போனாள்.

நிபந்தனைப்படி வீட்டை விட்டு வெளியேறிய துவக்கை அண்ணைதான் முறைப்படி தன் பெயருக்கு மாற்றி வாங்கினார். இத்தாலிக்காரியில் கீறல் விழும் என்று சனிக்கிழமைகளில் இப்போது துருக்கித் துவக்கைத்தான் கொண்டுபோகிறார். போன கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். என் மனைவி அவருக்கு வடை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கடைசியில் துவக்குக்கு வந்தாள்.

"மலிவு எண்டு வாங்கினார் அண்ணை. ஒரு வெடி வெடிக்கேல்லை. நீங்களும் ஏன்தான் அதை வாங்கினனீங்களோ!"

அண்ணை வாய் நிறைய வடையோடு என்னைப் பார்த்தார்.

"சரியான குப்பைத் துவக்கு" என்றேன் நான்.