சிவப்புப் பலகை: மொன்றியலில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிக்குப் போன கதை

சென்ற மார்ச்சில் ஒரு வியாழன் முதல் ஞாயிறு வரை மொன்றியலில் இருந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அக்காவின் மகன் ஜெரோம், வயது இருபது, அங்கே ஒரு கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்குக் கப்டன். பருவ ஆட்டங்கள் முடிந்து, மிஞ்சிய எட்டு அணிகள் மோதும் தொடர் அது. வெள்ளி காலிறுதி, சனி அரையிறுதி, ஞாயிறு இறுதி. ஒருமுறை தோற்றால் அன்றோடு வீடு. ஜெரோமுக்கு இது கடைசி வருடம், அதனால் தோற்கிற ஆட்டம்தான் கல்லூரிக்காக அவன் ஆடும் கடைசி ஆட்டம். நானோ ஞாயிறு கோப்பையோடு படம் எடுத்துவிட்டுத் திரும்புவதாகவே நினைத்து, அன்று மாலை ஆறு மணி பஸ்ஸுக்கு மாற்ற முடியாத டிக்கெட் எடுத்தேன். உங்களுக்கு முதல் புத்திமதி: இதைச் செய்யாதீர்கள்.

ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் ஏறக்குறைய 540 கிலோமீற்றர். காலை ஒன்பதுக்குப் புறப்பட்ட பஸ் மாலை நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. டிக்கெட் 62 டொலர். வழியில் கிங்ஸ்ரனில் பதினைந்து நிமிட நிறுத்தம். "பதினைந்து என்றால் பதினைந்துதான்" என்று டிரைவர் ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னார். நான் கோப்பிக்கு வரிசையில் நின்று பதினேழாவது நிமிடம் ஓடி வந்தேன். கதவு மூடி, பஸ் உருளத் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் தட்டியதும் திறந்தார், ஆனால் முகம் திறக்கவில்லை. இப்படிப்பட்ட மனிதர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா வீடு கோட்-டெ-நெய்ஜில், மெட்ரோவிலிருந்து நடந்து ஆறு நிமிடம். மெட்ரோவின் நீலப் பாதையில் ஏறினால் ஒரே கோட்டில் ஜான்-டலோன் சந்தைப் பக்கமும் வரும், கடைசியில் செயின்ட்-மிஷேலும் வரும். எனக்குத் தேவையான மொன்றியல் முழுவதும் அந்தக் கோட்டிலேயே இருந்தது.

அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிற வேலை. ஜெரோம் பத்து வயதில் பந்து பிடித்த நாளிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போனவர், சும்மா இருக்க அலுத்து, ஆடுகள ஓரத்து மேசையில் ஸ்கோர் தாள் எழுதப் பழகினார். மகன் வளர வளர இவரும் வளர்ந்து, இப்போது கல்லூரி ஆட்டங்களுக்கும் கூப்பிடுகிறார்கள். ஜெரோம் ஆடும் ஆட்டத்துக்கு மட்டும் தாள் எழுதப் போகமாட்டார். அன்று பார்த்து, வெள்ளி காலை, தாள் எழுதவேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் என்று தொலைபேசி வந்தது.

"வேற ஆள் இல்லையாம். மற்ற ரீமின்ர கோச்சிட்டயும் கேட்டவையாம். அந்தாள் ஓம் எண்டிட்டாராம்" என்றார் அத்தான்.

"நல்லதுதானே, எங்கட ஆள் ஒராள் மேசையில" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கிங்ஸ்ரன் டிரைவர் தெரிந்தார்.

ஆட்டம் வெள்ளி மாலை நாலு மணிக்கு. செயின்ட்-மிஷேல் மெட்ரோவில் இறங்கி பஸ்ஸில் பன்னிரண்டு நிமிடம். வாசலில் பத்து டொலர், காசாக மட்டும். அக்காவின் பங்குக் கோயில் ஆட்கள் ஒரு பன்னிரண்டு பேர் முன்வரிசையைப் பிடித்து வைத்திருந்தார்கள். மேசை நேர் எதிரே. இந்தப் பயணப் பதிவுக்கு உதவும் என்று நான் துண்டு துண்டாகப் படம் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

கூடைப்பந்து தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு விதி: ஒருவர் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே, திரும்பி வரமுடியாது. ஒவ்வொரு ஃபவுலுக்கும் தாள் எழுதுகிறவர் இலக்கம் போட்ட சிறு பலகையைத் தூக்கிக் காட்டவேண்டும். ஒன்று முதல் நாலு வரை கறுப்பு. ஐந்து சிவப்பு. அத்தான் ஒழுங்காகத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். அதைப் பார்க்க யாருக்குப் பொறுமை? நாங்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் சுவரில் மின்னிய பெரிய ஸ்கோர் பலகையைத்தான் பார்த்தோம்.

முப்பத்தெட்டு செக்கன் மிச்சம். எங்கள் அணி 71, கியூபெக் நகரத்து அணி 70. அவர்களுடைய உயரமான ஒருவன் கூடைக்குப் பாய, ஜெரோம் மறிக்க, விசில். அவனுக்கு இரண்டு இலவச எறிதல். போகட்டும், சுவர்ப் பலகையில் ஜெரோமின் பதினோராம் இலக்கத்துக்கு நேரே ஃபவுல் 4 என்று விழுந்தது. இன்னும் ஒன்று இருக்கிறது என்று அக்கா சிலுவை போட்டாள்.

அத்தான் சிவப்புப் பலகையைத் தூக்கினார்.

முன்வரிசை முழுவதும் வாயைத் திறந்தபடி நின்றது. ஜெரோம் பலகையைப் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான். தகப்பன் பலகையை இறக்கவில்லை. சுவரில் நாலு, மேசையில் ஐந்து. நடுவர் ஓடிவந்து தாளைப் பார்த்தார். தாள்தான் சட்டம், சுவர் சும்மா அலங்காரம் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஜெரோம் வெளியே போனான். இரண்டு எறிதலும் விழுந்தன. 71-72. எங்கள் கடைசிப் பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது.

"சொந்தப் பிள்ளையை! அந்த மனுசனுக்கு எண்ணத் தெரியாதோ?" என்று அக்கா அழுதாள். எனக்கும் அதே எண்ணம்தான்.

முறைப்பாடு செய்ய ஒரு வழி இருந்தது. தாளின் அடியில் ஒரு கட்டம் உண்டு, தோற்ற அணியின் கப்டன் பதினைந்து நிமிடத்துக்குள் அதில் கையெழுத்துப் போடவேண்டும். அதாவது, அத்தான் எழுதியது பிழை என்று ஜெரோம் கையெழுத்துப் போடவேண்டும். கோச் அவனை மேசைக்கு இழுத்து வந்தார். அத்தான் தாளைத் திருப்பி வைத்து, கட்டத்தை விரலால் காட்டி, தன் பேனையையே நீட்டினார்.

"இதில வை. அது உன்ர உரிமை."

ஜெரோம் பேனையை வாங்கிக்கொண்டு நின்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "என்னட்ட வீடியோ இருக்கு!" என்று கத்திக்கொண்டு மேசைக்கு ஓடினேன். சுவரில் விடுபட்டது இரண்டாம் கால்பகுதி ஃபவுல் ஒன்று என்று மேசையில் சொன்னார்கள். அந்தத் துண்டைத் தேடி எடுத்து நடுவருக்கும் இரண்டு கோச்சுக்கும் முன்னால் வெற்றியோடு பிடித்தேன்.

இரண்டு பேர் ஒன்றாக விழுகிறார்கள். நடுவர் மேசைக்குத் திரும்பி ஒரு கையை முட்டியாக மடித்து, மறுகையில் ஒரு விரலைக் காட்டுகிறார். முட்டி பத்து, விரல் ஒன்று: பதினொன்று. சுவர்ப் பலகையை இயக்கிய பெண் அதைப் பதினாலாம் இலக்கத்தில் போட்டுவிட்டாள். அத்தான் அப்போதே சொல்ல, தலையாட்டிவிட்டு மறந்தும்விட்டாள். பலகை அவர் முதுகுக்குப் பின்னால், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் போனே எங்கள் கழுத்தை அறுத்தது.

ஜெரோம் பேனையை மூடித் தகப்பனிடம் கொடுத்தான். "மெர்சி, பப்பா" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னான். கட்டம் வெறுமையாகவே இருந்தது.

சனிக்கிழமை எங்களுக்கு ஆட்டம் இல்லை. ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். தகப்பனும் மகனும் தோடம்பழம் தெரிந்தெடுப்பதில் சண்டை பிடித்தார்கள், வழக்கம்போல. அதைப் பார்க்கவும் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. நான் பொறுக்கமுடியாமல் கேட்டேன்: "சுவரில நாலு எண்டுதானே கிடந்தது அத்தான். விட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

"எழுதினது எழுதினதுதான்" என்றார், பழத்தைப் பையில் போட்டபடி.

கல்லு மனுசன் என்று மனதுக்குள் திட்டினேன். ஞாயிறு பஸ் ஏறும்வரை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பஸ்ஸில் போனை ஒழுங்குபடுத்தத் தொடங்கி, கடைசித் துண்டை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். விசில் ஊதுகிறது. அத்தான் குனிந்து எழுதுகிறார். பிறகு அண்ணாந்து, சத்தம் போடும் சனத்தின் கண் போகும் திசையை உணர்ந்து, முதல்முறையாகச் சுவரைத் திரும்பிப் பார்க்கிறார். அங்கே நாலு. அவர் கை கறுப்பு நாலாம் பலகையில் போய் விழுகிறது. அதைப் பாதி தூக்குகிறது. அப்படியே நிற்கிறது, மூன்று செக்கன். பிறகு அதை வைத்துவிட்டு, சிவப்பை எடுக்கிறது.

பதினைந்து தரம் பார்த்திருப்பேன். கிங்ஸ்ரனில் இறங்கவே இல்லை.

போகிறவர்களுக்கு: மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள். பத்து டொலர் தாளாக வைத்திருங்கள். மார்ச்சிலும் பனிச் சப்பாத்து வேண்டும். சுவரைப் பார்க்காதீர்கள், மேசையைப் பாருங்கள். அங்கே இருப்பவரைக் கல் என்று எண்ணாதீர்கள், நான் எண்ணிவிட்டு வெட்கப்படுகிறேன்.

அத்தான் சம்மதிக்காமல் இதைப் போட மனம் வரவில்லை. எழுதியதை அவருக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாள் அவரே போன் எடுத்தார்.

"ஜெரோமுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதெல்லோ. நானே முழுக்க வாசிச்சுக் காட்டினனான். அந்த இடத்தையும்."

"அப்ப போடட்டோ அத்தான்?"

"போடும் ரஜனி. ஆனா என்ர கை நிண்டது ரெண்டு செக்கன் எண்டு எழுதியிருக்கிறீர். பிழை. மூண்டு. மாத்திப்போட்டுப் போடும்."