ஓடம் ஏறிய யாளி

சேரன்மகாதேவி துறையில் வில்வண்டியை விட்டு ஓடத்தில் ஏறுகிறேன். எதிரே ஒரு தச்சர், கோயிலுக்குச் செய்த மர யாளியோடு உட்கார்ந்திருக்கிறார். சிங்க வாய், யானைத் தும்பிக்கை, உடம்பெல்லாம் வைக்கோல் சுற்று. கோயிலில் கண் திறக்கும்வரை அது எதையும் பார்க்கக் கூடாதாம்; தம் துண்டால் கண்ணைக் கட்டியிருக்கிறார்.

ஆட்டோடு வந்த பெண் ஏறத் தயங்குகிறாள். "பல்லு தெரியுதே அண்ணாச்சி!"

"பல்லுதான் சிங்கம் தாயி, வயிறு ஆனை. தழைதான் திங்கும். பைய ஏறு."

"நிச்சயமாகவா?" என்கிறேன் நான்.

"வளக்கவனுக்குத் தெரியாதா வே?" பிடரியைத் தடவிக் கொடுக்கிறார்.

நடு ஆற்றில் நறநறவென்று சத்தம். ஆடு யாளியின் வாலில் சுற்றிய வைக்கோலை மெல்லுகிறது. தச்சர் யாளியைக் கட்டிக்கொண்டு அலறுகிறார்:

"ஆட்டைப் பிடி தாயி! கண்ணு தெறக்காத பிள்ளை, பயப்படுதுல்லா!"