உறுதியை உரத்து வாசிக்கச் சொன்ன நாள்

எனக்குக் கண் தெரியாது. காது நன்றாகக் கேட்கும். இவை இரண்டும் வேறு வேறு விஷயம் என்று உருத்திரபுரத்துச் சனத்துக்கு விளங்கப்படுத்தியே எனக்கு நாற்பது வயதாகிவிட்டது. இன்றைக்கும் என்னைக் கண்டால் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

தனக்குப் பிறகு நான் என்ன செய்வேன் என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன், சம்பளம் எடுக்கிறேன், தேத்தண்ணியும் நானே போடுவேன். அதெல்லாம் அவருடைய கணக்கில் சேராது. கனடாவில் இருக்கும் அண்ணாவும் போனில் ஒரு யோசனை சொன்னார். வீட்டைத் தன் பெயருக்கு எழுதினால் என்னைத் தான் பார்ப்பாராம். அவர் இந்தப் பக்கம் வந்து பன்னிரண்டு வருடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா போனை வைத்துவிட்டு, வீட்டை எனக்கு எழுதுவதற்குக் கிளிநொச்சியில் உறுதிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் நாள் எடுத்தார்.

அங்கே போய் இருந்ததும் நொத்தாரிசு, "அம்மா, மகனுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"மகனுக்குக் கதைக்கவும் தெரியும்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "தம்பி என்ன குடிக்கிறார் எண்டு கேளுங்கோ அம்மா" என்றார்.

உறுதி ஆயத்தமாக இருந்தது. அம்மா பேனையைக் கேட்டார். போர் முடிந்து முகாமில் இருந்த காலத்திலிருந்து எத்தனையோ படிவங்களில் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தவர் அவர். ஒன்றையும் வாசித்ததில்லை.

"முதல் எனக்கு உரத்து வாசியுங்கோ. முழுக்க" என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த மனுசனைக் கொஞ்சம் கஷ்டப்படுத்துவதுதான் என் நோக்கம்.

அவர் வாசித்தார். வடக்கு எல்லை, தெற்கு எல்லை, கிணறு, தென்னைகள் என்று போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு மூச்சு வாங்க எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோஷம். கடைசியில், இன்று முதல் எல்லாம் மகனுக்கே சொந்தம், கொடுப்பவருக்கு இனி இதில் எந்த உரிமையும் இல்லை என்று வாசித்து முடித்தார். என் சந்தோஷம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"அப்ப அம்மா எங்க இருக்கிறது?"

"உங்களோடதானே" என்றார். அன்றைக்கு முதல் தடவையாக என்னிடம் நேரே பேசினார்.

"அது உறுதியில இல்லையே. சாகுமட்டும் அவா அந்த வீட்டில இருக்கிற உரிமையை எழுதுங்கோ."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனடா, நீ என்னைத் துரத்துவியோ?"

"துரத்தமாட்டன். நாளைக்கு நான் கலியாணம் கட்டி, வாறவள் துரத்தினா?"

"உனக்கு ஆர் பொம்பிளை தாறது?"

நொத்தாரிசு சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

"சரி, கலியாணத்தை விடுங்கோ. நான் உங்களுக்கு முதல் செத்தா வீடு ஆருக்குப் போகும்? அண்ணா வந்து நிண்டா எங்க போவீங்கள்?"

நொத்தாரிசு தாளைத் திரும்ப எடுத்து எழுதத் தொடங்கினார். எனக்காக இத்தனை வருடம் யோசித்தவர் தனக்கென்று ஒரு அறைகூட வைக்கவில்லை.

"எனக்குப் பிறகு உன்னை ஆர் பாக்கிறதெண்டு மட்டும்தான் யோசிச்சனான்" என்றார் அம்மா மெதுவாக. "என்னை ஆர் பாக்கிறதெண்டு யோசிக்கேல்லை."

"அதை நான் யோசிச்சிட்டன்" என்றேன். "இப்ப கையெழுத்தை வையுங்கோ."