சொல்தாவுக்கு ஒரு நாள் காவல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற பிரெஞ்சு ராணுவ வீரர் ஒருவரை என் அம்மா வீட்டுக் காவலில் வைத்தாள். ஆயுதம் – ஓர் அரிவாள்மனை.

நம்ப மாட்டீர்களா? குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு வந்து விசாரியுங்கள். தெருவே சாட்சி.

அப்பா படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், காலேஜையும் முடித்தவள் நான். (எத்தனை தடவை இதையே சொல்வாய் என்று கேட்காதீர்கள். இன்னும் நிறைய தடவை சொல்வேன்!) ஆகவே டாக்டரிடம் பேசுவது, எந்த வரிசையில் நிற்பது, எந்த மாடிக்கு ஓடுவது – எல்லாம் என் இலாகா.

சனிக்கிழமை காலையில் டாக்டர் கூப்பிட்டார்.

"அப்பாவுக்கு ஓ நெகட்டிவ்மா. ஒரு யூனிட்டாவது கையில இல்லாம நான் கத்தி வைக்க முடியாது. இப்ப அந்த குரூப் ஸ்டாக் இல்ல. யாராவது கிடைக்கிறாங்களா பாருங்க. இல்லன்னா தேதி தள்ளிப்போகும். இந்த வயசுல தொடை எலும்பு உடைஞ்சவரை ரொம்ப நாள் படுக்கப் போட்டு வைக்கிறது நல்லதில்ல."

வெளியே அம்மா நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அது இன்னாடி, ரத்தத்துல கூடவா ஜாதி?"

"ஜாதி இல்லம்மா. குரூப்பு."

படித்த படிப்பைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? வராந்தாவிலேயே வகுப்பைத் தொடங்கிவிட்டேன். நம் ரத்தத்தில் சிவப்பணுக்கள் என்று குட்டிக் குட்டித் தட்டுகள் ஓடுகின்றன. ஆக்ஸிஜனைச் சுமப்பது அவற்றின் வேலை. சிலருடைய அணுவின் மேல் 'ஏ' என்று ஓர் அடையாளம் இருக்கும். சிலருக்கு 'பி'. சிலருக்கு இரண்டும். எதுவுமே இல்லாதவர் 'ஓ'. இது தவிர ஆர்ஹெச் என்று இன்னொரு அடையாளம் – இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். தன்னிடம் இல்லாத அடையாளத்தோடு வேறு ரத்தம் உள்ளே வந்தால், உடம்பு அதை எதிரி என்று நினைத்து அடித்து நொறுக்கிவிடும். ஆபத்து.

"அப்பா ரத்தத்துல எந்த அடையாளமும் இல்ல. அதனால யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். ஆனா வாங்கணும்னா அவர மாதிரியே ஓ நெகட்டிவ்கிட்டதான் வாங்கணும்."

"அப்ப நானு?"

அம்மாவுக்கு ஏபி பாசிட்டிவ். முன்பு ஒரு தடவை பரிசோதித்ததில் தெரிந்தது. எல்லா அடையாளமும் உண்டு. ஆகவே யாருடைய சிவப்பணு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் உடம்பு. ஆனால் அப்பாவுக்குக் கொடுக்க முடியாது; பி பாசிட்டிவான நானும் அப்படித்தான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒருவரிடமும் முகம் கோணாத மனிதர் என் அப்பா. அவர் ரத்தம் சொல்கிறது – என் ஆள் மட்டும்தான் வரணும்! எங்கள் தெருவில் அம்மா சண்டை போடாத வீடு ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். அவள் ரத்தம் சொல்கிறது – வாங்க வாங்க, எல்லாரும் வாங்க! மனுஷ சுபாவத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

சரி, ஆள் தேட வேண்டுமே. என் போனில் இருக்கும் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் அவசரம் என்று போட்டேன். காலேஜ் குரூப், பஸ் குரூப், அரியாங்குப்பத்து அத்தை நடத்தும் கோலம் குரூப் வரைக்கும். அழுகிற பொம்மைகளும் கும்பிடுகிற கைகளும் வந்து குவிந்தன. ரத்தம்தான் வரவில்லை.

அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் போனில் நான் பெரிதாகப் போட்டிருந்த 'O–' என்பதையே உற்றுப் பார்த்தாள்.

"இந்த முட்டையும் கோடும்... சொல்தா வண்டில ஒட்டிக்கீதே, அதானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சொல்தா எங்கள் எதிர்வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். ராணுவச் சட்டையில் ரத்த குரூப்பைக் காட்ட ஒட்டும் பட்டை ஒன்றை, ஊருக்குத் திரும்பியதும் ஸ்கூட்டரின் முன்னால் ஒட்டிக்கொண்டார். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் தன் அபூர்வ ரத்தத்தைப் பற்றிப் பெருமை பேசுவார். ஆனால் அம்மாவிடம் மட்டும் பேச மாட்டார். அம்மா மீன் கூடை கழுவும் தண்ணீர் அவர் கேட்டுக்கு முன்னால் ஓடுகிறது என்று பல வருஷமாகத் தகராறு. அவர் பிரெஞ்சில் திட்டுவார். அம்மாவுக்குப் புரியாது. புரியாத திட்டு எவ்வளவு பெரியதோ என்று, எதற்கும் இருக்கட்டும் என இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பாள்.

அந்த மனிதரிடம் போய் ரத்தம் கேட்பதா?

"நான் போய் கேக்கறேம்மா" என்றேன்.

"நீ சும்மா இரு. எங்களுக்குள்ள பழக்கம் இருக்குது."

தெருவுக்குத் திரும்பியதும் நேராக அவர் வீட்டுக்குப் போனாள். கேட்டைத் தட்டினாள். கெஞ்சப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மாவுக்குக் கெஞ்சத் தெரியாது என்பதை மறந்துவிட்டேன்.

"யோவ் சொல்தா! வண்டில முட்டையும் கோடும் ஒட்டிக்கினு ஊரு பூரா சுத்தறியே, அது நிஜமா, இல்ல சும்மா ஸ்டிக்கரா?"

சொல்தா வெளியே வந்தார். மீசை துடித்தது.

"மதாம்! இன்னா பேசறே? ராணுவத்துல டெஸ்ட் பண்ணிக் குடுத்தது!"

"அப்படின்னா வந்து காட்டு. என் வூட்டுக்காரருக்கு வேணும். இல்லன்னா இப்பவே வண்டிய நிறுத்து, நான் சொரண்டி எடுத்துடறேன்."

அவர் செருப்பு கூடச் சரியாக மாட்டவில்லை. ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு கோரிமேட்டுக்கு விட்டார் பாருங்கள்... ரத்த வங்கியில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். அங்கிருந்த பெண் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சமீபத்தில் காய்ச்சல்? மது அருந்தினீர்களா?

"மதுவா? சே சே. மத்தியானம் அப்பெரித்தீஃப் மட்டும்."

சாப்பாட்டுக்கு முன்னால் பசியைத் தூண்டக் குடிக்கும் சின்ன கிளாஸ் அது. அவரைப் பொறுத்தவரை அது குடியில் சேராது. மருந்து, மரியாதை, பண்பாடு. ரத்த வங்கிக்கு அந்தப் பண்பாடு தெரியவில்லை.

"ஒரு முழு நாள் மது எதுவும் குடிக்காம நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வாங்க சார். டெஸ்ட் எல்லாம் முடிக்கணும். அதுக்கு மேல தாமதமானா செவ்வாய்க்கிழமைக்குத் தயாராகாது."

நாளை ஞாயிறு. சொல்தாவின் மனைவி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பிரான்சுக்குப் போயிருந்தார். சர்ச்சில் பூசை முடிந்ததும் கூட்டாளிகள் பாட்டிலோடு வந்துவிடுவார்கள். அப்பாவின் காலும் ஆபரேஷனும் ஒரு மனிதரின் ஞாயிற்றுக்கிழமைத் தாகத்தில் தொங்கின!

அம்மா அன்று மாலையே நடவடிக்கையில் இறங்கினாள். சொல்தா வீட்டு அலமாரியைக் காலி செய்து, பாட்டில்களை மீன் கூடையில் அடுக்கி, மேலே வலையைப் போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். நடக்க நடக்க கூடைக்குள் கிணிங் கிணிங்.

"இன்னா அஞ்சலைக்கா, மீனு சத்தம் போடுது?" என்று பக்கத்து வீட்டு மல்லிகா கேட்டாள்.

"சீமை மீனுடி. பேசும்."

ஞாயிறு காலை சொல்தா பூசைக்குப் போனபோது அம்மாவும் பின்னாலேயே போய், கோயில் வாசலில் நின்று கையோடு அழைத்து வந்தாள். வந்ததும் அவருடைய கேட்டுக்கு நேர் எதிரே அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து மீன் வெட்ட ஆரம்பித்தாள். தண்ணீர் கேட்டுப் பக்கம் ஓடியது. அவர் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

மத்தியானம் கூட்டாளிகள் வந்தார்கள். ஒருவர் கையில் பை.

"பையில இன்னா?"

"சும்மா... பழம்மா."

"பழத்த இங்க வச்சிட்டு நாளைக்கு வாங்க." அரிவாள்மனையில் ஒரு வஞ்சிரத் தலை தொப்பென்று விழுந்தது. கூட்டாளிகள் பழத்தோடு திரும்பிப் போனார்கள்.

பிறகுதான் நிஜமான சோதனை. சொல்தா கூண்டுப் புலி போல முன்வாசலில் நடந்தார்.

"மதாம், ஒரு சொட்டு. வாய் கொப்பளிக்க மட்டும்."

"மோர் தரேன், கொப்பளி."

"உனக்குப் புரியல. இந்த நேரத்துக்கு கையில கிளாஸ் இல்லன்னா எனக்கு கை எங்க வைக்கறதுன்னே தெரியல."

இந்த நிலவரத்தை ஆஸ்பத்திரியில் இருந்த அப்பாவுக்குப் போனில் சொன்னேன். "பாவம்டி மனுஷன். குடிச்சிட்டுப் போகட்டும், நான் படுத்துக்கினே இருக்கறேன்" என்றார். சொன்னேன் அல்லவா, யாரிடமும் முகம் கோணாதவர். அம்மா போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள்.

ஆனால் எதிரே இருந்த மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையைக் கழுவினாள். அவர் வீட்டுக்குள் போய் அந்தச் சின்ன கிளாஸையே எடுத்து, நன்னாரி சர்பத்தை ஊற்றி, ஐஸ் போட்டாள். ஒரு தட்டில் வறுத்த வேர்க்கடலை. நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. உன் பூசைய இதுல பண்ணு."

சொல்தா உட்கார்ந்தார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாய் உறிஞ்சினார். கடலையைக் கொறித்தார். தோள்கள் மெல்ல இறங்கின.

"மோசமில்ல, மதாம்."

அவர் சர்பத் குடிக்க, அம்மா மீன் வெட்ட, பல வருஷத்தில் முதன்முதலாக இருவரும் திட்டிக்கொள்ளாமல் தமிழில் பேசிக்கொண்டார்கள். இடையில் மல்லிகா வந்து தன் பெரிய சந்தேகத்தைக் கேட்டாள்: "சொல்தா ரத்தம் ஏறுனா அண்ணனுக்கு பிரெஞ்சு பென்ஷன் வருமா?"

"வராது" என்றேன்.

"பாதி கூடவா?"

வெயில் தாழ்ந்ததும் சொல்தா ரத்தம் கொடுத்தார். பட்டை பொய் சொல்லவில்லை – ஓ நெகட்டிவ்தான். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்த டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், "ரத்தம் அதிகமா போகல. அந்த யூனிட் தேவைப்படவே இல்ல."

நான் சந்தோஷத்தில் அழுதேன். சொல்தாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"தேவைப்படலயா? ஞாயித்துக்கிழமை சர்பத் குடிச்சேன் டாக்டர்! சர்பத்!"

அடுத்த நாள் ரத்த வங்கியில் விசாரித்தபோதுதான் தெரிந்தது – அன்றிரவே திண்டிவனம் பக்கத்திலிருந்து பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அதை ஏற்றியிருக்கிறார்கள். அவளுக்கும் அதே குரூப். ரத்தம் நிறைய போய்விட்டதாம். தாயும் பிள்ளையும் நலம். பெயர் சொல்ல மாட்டோம் என்றார்கள்.

 சொல்தா உடனே, "குழந்தை பொண்ணா, பையனா?" என்றார்.

பெண்ணாம்.

இப்போது தெருவில் யார் வந்தாலும், திண்டிவனம் பக்கத்தில் ஒரு பெண் குழந்தைக்குத் தாய் இருப்பதே தன் ரத்தத்தால்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அம்மாவால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"ரத்தம் அந்தாளுதுதான், நான் இல்லன்னு சொல்லல" என்கிறாள் எல்லோரிடமும். "அதுல சாராயம் கலக்காம பாத்துக்கினது யாரு?"