பக்கத்து மேசையிடம் கேள்

கலவரத்தில் எரிந்த என் றேடியோ திருத்தும் கடையை அதே இடத்தில் மறுபடி கட்டினேன். ஐந்தாம் வகுப்புப் படிப்போடு, பேராதனைக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் நெட் கடை திறந்தேன். கழித்துப்போட்ட பாகங்களைப் பொறுக்கி எட்டு கொம்பியூட்டர் பூட்டினேன். இணையத்துக்கே அடக்க ஒடுக்கம் பழக்கினேன். கடைசியாகச் சொன்னதைத்தான் ஒருவரும் நம்புவதில்லை.

யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்த காலம். பேராதனையில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவர் சனிக்கிழமைகளில் என் கடைக்கு வந்து, நெட் வழியாக அங்கிருக்கும் தன் அம்மாவோடு பேசுவார். அம்மாவுக்கு இருதய ஒப்பரேசன். மகன் வாயால் சொன்னால்தான் கையெழுத்து வைப்பேன் என்று கிழவி ஒற்றைக்காலில் நின்றார்.

அன்று மற்ற ஏழு கொம்பியூட்டரிலும் கெம்பஸ் மாணவர்கள். ஏழு பேரும் ஒரே சினிமாப் படத்தை வெளிநாட்டிலிருந்து தனித்தனியாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுத்த துண்டுகளை ஊருலகத்துக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தார்கள். இருந்ததோ ஒரே லைன். விரிவுரையாளரின் பேச்சு வெட்டி வெட்டிப் போனது.

“முதலாளி! ‘கையெழுத்தை வையுங்கோ’ எண்டன். அம்மாவுக்கு ‘வையுங்கோ’ மட்டும்தான் கேட்டிருக்கு. கோவிச்சுக்கொண்டு போனை வைச்சிட்டா!”

“அடுத்த சனிக்கிழமை பாருங்க சேர், அம்மா இருமினாலும் கேக்கும்.”

முதலில், வெளியே அனுப்புவதை அடியோடு நிறுத்தினேன். அந்த ஏற்பாட்டில் கொடுக்காதவனுக்குக் கிடைக்காது என்பது எனக்குத் தெரியாது. படம் நின்றே போனது.

“அங்கிள், படம் வர்றதுக்குள்ள நாங்க பட்டம் வாங்கிருவோம்.”

அப்போதுதான் கலவரத்து ஊரடங்கு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு வரிசையில் ஒருவர்தான் கடைக்கு ஓடுவார். சாமான் மதிலுக்கு மேலால் வீடு வீடாகப் போகும். அதையே செய்தேன். ஒரு கொம்பியூட்டர் மட்டும் வெளியே போய் எடுக்கட்டும், அளவாகக் கொடுக்கட்டும்; மற்றவை பக்கத்து மேசையிடம் கேட்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை கடை முழுக்கக் கேட்டது:

“வைக்கிறன் ராசா. போன கிழமையே வடிவாச் சொல்லியிருக்கலாமே!”

படமும் அன்று பின்னேரமே வந்து முடிந்தது.

பிறகு விரிவுரையாளர் இதையே ஆய்வுக்கட்டுரையாக்கினார். அருகிலுள்ள கொம்பியூட்டர்கள் தங்களுக்குள் பகிர்ந்தால் தூரத்து லைன்களுக்குப் பாரம் குறையும் என்று படம் கீறி விளக்கியிருந்தார். கடைசிப் பக்கத்தில் நன்றி: ‘தேநீர் தந்து உபசரித்த கடைக்காரருக்கு.’

போய்க் கேட்டேன். “அண்ணை, இது ஆருக்கும் வாற யோசனைதானே” என்றார்.

வந்தது யாருக்கு? அவர் அம்மா சுகமாக இருக்கிறார்; சந்தோஷம். ஆனால் மகன் சொன்ன அந்தச் சொல் அம்மாவின் காதுக்கு முழுதாகப் போனது என் யோசனையால். ஆகவே கட்டுரையை வெளியிட்ட நீங்கள் அதைத் திருத்த வேண்டும். தேநீரை வெட்டிவிட்டு, ‘வழியைக் கண்டுபிடித்தவர்’ என்று என் பெயரை முதல் பக்கத்திலேயே போடவும். எழுத்துப்பிழை இல்லாமல்.